முதுமாணிக்கு முன் முகத்துவாரம்

கேள்வி: முல்லைத்தீவு எனது ஊர். விலங்கியல் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. காலநிலை மாற்றத் தகவமைப்பு, கடல்வளப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் ஆய்வாளராக விரும்புகிறேன். வெளிநாட்டு முதுமாணிக்கு இப்போதே விண்ணப்பிப்பதா, இங்கே அனுபவம் தேடுவதா?

பதில்: விண்ணப்பியுங்கள் தங்கச்சி, ஆனால் வெறுங்கையோடு வேண்டாம். "கடலை நேசிக்கிறேன்" என்று தொடங்கும் விண்ணப்பங்கள் தெரிவுக்குழுக்களுக்குப் பழகிப்போனவை. உங்கள் ஊரில் நந்திக்கடல் களப்பு இருக்கிறது.

அது கடலோடு சேரும் வட்டுவாகல் முகத்துவாரத்தைப் பாருங்கள். கோடையில் மணல் மூடிவிடும்; மாரி வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவார்கள். வயல்காரருக்கு வெள்ளம் உடனே வடிய வேண்டும். கடற்றொழிலாளருக்கோ இறால் கணக்கு வேறு: குஞ்சு கடலிலிருந்து உள்ளே வரவும் வேண்டும், வளர்ந்தது பிடிபடுமுன் வெளியேறவும் கூடாது. மழை பிந்தி வந்து ஒரேயடியாகக் கொட்டும் ஆண்டில் எப்போது வெட்டுவது? தகவமைப்பு என்பது இங்கே இந்தக் கேள்விதான்.

வாரம் ஒருமுறை, அதே இடங்களில், உப்புத்தன்மையையும் நீரின் வெப்பநிலையையும் அளந்து எழுதுங்கள். கைக்கருவியைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இரவல் கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 10 மீற்றர் துல்லியத்தில் மணல்திட்டு தெரியும். மாரியில், நமக்குத் தேவையான நாளிலேயே, முகில் மறைத்துவிடும்! 2020 டிசம்பர் புரெவிப் புயலின்போது முகத்துவாரம் எப்படி இருந்தது என்பதைப் படத்தைவிடக் கரைவலைச் சம்மாட்டியிடம் (வலை உரிமையாளரிடம்) கேட்பது நல்லது.

நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. எனவே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி மாதிரி எதுவும் எடுக்க வேண்டாம். உங்கள் பழைய விரிவுரையாளர் ஒருவரை மேற்பார்வையாளராக்கிக் கேட்டால் வழி இலகுவாகும். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் முதலிலேயே போய்ச் சொல்லுங்கள். குறிப்புப் புத்தகத்தோடு கரையில் நிற்பவரைத் திணைக்களத்து ஆள் என்று நினைக்க இடமுண்டு.

செலவுக்கு ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு நிதி இருக்கிறது. தொடக்கநிலைப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கானது. செயலமர்வுச் சான்றிதழ்களைச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணி விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் திறக்கும். அதற்குமுன் ஆங்கிலப் பரீட்சையை முடித்துவிடுங்கள். விண்ணப்பக் கடிதத்தின் முதற்பந்தியில் முகத்துவாரம் திறந்த நாளையும் அந்த வார உப்பளவையும் எழுதுங்கள். உங்கள் ஆர்வத்தைப் பற்றி அடுத்த பந்தியில் சொல்லிக்கொள்ளலாம்.