ஒரே கப்பல்ல அடுத்தடுத்து ரெண்டு ட்ரிப்: நடுவுல வர்ற அந்த ஒரு நாள்

கேபின் ஸ்டூவர்டா பதினோரு வருஷம் கப்பல்ல பெட்ஷீட் மாத்துனவன் நான், இப்ப புதுச்சேரியில உக்காந்து க்ரூஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்குறேன். இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல பேக் டு பேக் பத்திதான், அதாவது ஒரு ட்ரிப் முடிஞ்சதும் அதே கப்பல்ல அடுத்த ட்ரிப்பும் போறது. அதனால எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிடுறேன்.

மயாமியில ஏறுறோம், 7 நாள் முடிஞ்சு அதே கப்பல்ல இன்னொரு 7 நாள். நடுவுல எறங்கணுமா? பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டா? (லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா)

எறங்கணும்மா, ஆனா பெட்டிய தூக்க வேணாம். நம்ம ஊர் கல்யாண மண்டபத்த நெனச்சுக்கோங்க, காலையில முகூர்த்தம் முடிச்ச பார்ட்டி காலி பண்ணிட்டு போகும், சாயந்திரம் வேற பார்ட்டியோட ரிசப்ஷன், நடுவுல மண்டபத்துக்காரன் கூட்டிக் கழுவி நாற்காலி போடணும். நீங்க ரெண்டு வீட்டுக்குமே சொந்தக்காரங்க, ஆனாலும் வெளிய போய்ட்டு மறுபடி வாசல் வழியாத்தான் வரணும். உங்களுக்கு இது ஒரே பயணம், கப்பல் கணக்குல ரெண்டு. இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மத்த குழப்பமெல்லாம் பாதி தீந்துடும்.

அமெரிக்க துறைமுகத்துல பழைய பயணி ஒருத்தர்கூட உள்ள இல்லன்னு கணக்கு காட்டணும், அதுக்கப்புறம்தான் புது ஆள ஏத்துவாங்க. முந்தின நாள் ராத்திரியே கேபினுக்கு ஒரு லெட்டர் வந்துடும், இத்தன மணிக்கு இந்த லவுஞ்சுக்கு வாங்கன்னு, பொதுவா காலை 9, 10 மணி வாக்குல இருக்கும். பாஸ்போர்ட், மொத ட்ரிப்புக்குக் கப்பல்ல குடுத்த பழைய ரூம் கார்டு, வழக்கமா சாப்பிடுற மாத்திரை, இதுங்கள கையில எடுத்துக்கோங்க. கும்பலா கீழ கூட்டிட்டுப் போவாங்க, இமிக்ரேஷன்ல மூஞ்சி காட்டணும், டெர்மினல்ல கொஞ்ச நேரம் உக்காரணும், அப்புறம் புது கார்டோட மொத ஆளா உள்ள விட்டுடுவாங்க. எல்லாம் ஒழுங்கா நடந்தா ஒரு மணி நேர வேலை. ஒழுங்கா நடக்காததுக்கு காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு ஆளாத்தான் இருப்பார். ஏசிய போட்டுக்கிட்டு போர்வைக்குள்ள தூங்கிட்டிருந்த ஒரு பெரியவர நானே கதவத் தட்டி எழுப்பியிருக்கேன், கீழ ஆயிரக்கணக்குல ஜனம் வரிசையில நிக்குது, அவரு "நான்தான் அடுத்த ட்ரிப்பும் வரேனே தம்பி, எதுக்கு எழுப்புற"ங்கறார்.

ரெண்டாவது ட்ரிப்புக்கு வேற கேபின் கெடச்சிருக்கு. சாமான யார் மாத்துவாங்க? (கடலூர் திருப்பாப்புலியூர்)

ஸ்டூவர்ட்தான் மாத்துவான். ஹேங்கர்ல தொங்குறத அப்படியே விட்டுடலாம், கம்பியோட ட்ராலியில மாட்டித் தள்ளிட்டுப் போய் புது ரூம்ல மாட்டிடுவோம். மடிச்ச துணி, சில்லறை சாமானெல்லாம் பெட்டிக்குள்ள போட்டு, புது கேபின் நம்பர எழுதி கட்டில் மேல வெச்சுட்டு எறங்குங்க. மதியத்துக்கு மேல ஆகலாம், 12 மணிக்கே பெட்டி வரலன்னு பதறாதீங்க. லாக்கர் மட்டும் நீங்களே காலி பண்ணணும், அதுல நாங்க கை வைக்க மாட்டோம்.

நான் பாத்த வரைக்கும் ஜனங்க மறந்துட்டுப் போற எடம் மூணு: கட்டிலுக்குப் பின்னாடி ப்ளக்குல சொருகின சார்ஜர், பாத்ரூம் கதவுக் கொக்கி, அப்புறம் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜுதான் டேஞ்சர், இன்சுலின் இருக்கும். ஒரு தடவ ஒரு வீட்டுக்காரங்க மாவடு பாட்டில விட்டுட்டுப் போய்ட்டாங்க, என்கூட வேல செஞ்ச பிலிப்பைன்ஸ் பையன் ஏதோ கெட்டுப் போச்சுன்னு குப்பையில போடப் போனான், நல்ல வேளை நான் இருந்தேன்.

அதே கேபின்னா ஒண்ணுமே எடுக்க வேணாம். முந்தின நாளே ஸ்டூவர்ட்கிட்ட வாயால ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்.

நான் பிரெஞ்சு பாஸ்போர்ட், வீட்டுக்காரம்மா இந்திய பாஸ்போர்ட். கிரீஸ், துருக்கி சுத்துற ரெண்டு ட்ரிப் போடலாமா? (முத்தியால்பேட்டை)

நம்ம ஊர்ல மட்டும்தான் சார் இந்தக் கேள்வி வாராவாரம் வரும்! உங்களுக்கு ஷெங்கன் (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) கவல இல்ல, இந்தியா திரும்பி வர ஓசிஐ கார்டு (வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்குற நம்மாளுங்க விசா இல்லாம வர்றதுக்கு) கையில இருக்கான்னு மட்டும் பாருங்க. அம்மாவுக்குத்தான் கணக்கு. துருக்கி ஷெங்கன்ல கெடையாது, அங்க போய்ட்டு கிரீஸுக்குத் திரும்புனா அது மறுபடியும் ஒரு என்ட்ரி, அதனால மல்டிபிள் என்ட்ரி விசா கட்டாயம், துருக்கிக்கு என்ன விசாங்கறத தனியா பாத்துக்கணும். இன்னொரு குழி இருக்கு, விசாவுக்கு மொத ட்ரிப் புக்கிங்க மட்டும் வெச்சுட்டு வருவாங்க, விசாவுல தங்குற நாள் அந்த ட்ரிப்புக்கு மட்டும் கணக்குப் பண்ணி வந்துடும். என்கிட்ட டிக்கெட் போட்ட ஒரு தம்பதிக்கு இப்படி ஆச்சு, தப்பு என்னோடதுதான், ரெண்டாவது புக்கிங்க ஃபைல்ல வெக்க மறந்துட்டேன். பாதியில எறங்கி ஏர்போர்ட்டுக்குப் போனாங்க. இப்பல்லாம் ரெண்டு புக்கிங்கையும் ஒரே பின் போட்டுத்தான் குடுக்குறேன்.

இன்னொண்ணு, உங்க பிரெஞ்சு பாஸ்போர்ட்ட வெச்சு அமெரிக்காவுல எஸ்டாவுல (விசா இல்லாம 90 நாள் வரைக்கும் இருக்க விடுற ஆன்லைன் அனுமதி) எறங்குனீங்கன்னா, கரீபியன் தீவு போய்ட்டு வந்தா 90 நாள் புதுசா தொடங்கும்னு நெனைக்காதீங்க, பழைய கணக்குலயேதான் ஓடும்.

பையன் சியாட்டில்ல இருக்கான். சியாட்டில்லேருந்து வான்கூவர், அங்கேருந்து அதே கப்பல்ல அலாஸ்கா விட்டியர் வரைக்கும் போட்டான், கம்பெனி கேன்சல் பண்ணிட்டாங்க. ஏன்? (நெல்லிக்குப்பம்)

1886ல போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுல பதிவான கப்பல், அமெரிக்காவோட ஒரு ஊர்ல ஏத்தின ஆள அமெரிக்காவோட இன்னொரு ஊர்ல எறக்கக் கூடாது, நடுவுல தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணத் தொட்டாத்தான் ஆச்சு. பக்கத்துல இருக்குற கனடா அந்தக் கணக்குல வராது. தனித்தனியாப் பாத்தா ரெண்டு ட்ரிப்பும் சரி, ஒட்டிப் பாத்தா சியாட்டில் டு விட்டியர், ரெண்டுமே அமெரிக்கா, அபராதம். கப்பல் கணக்குல ரெண்டுன்னு எண்ணுறாங்க, இந்தச் சட்டத்துல ஒண்ணுன்னு எண்ணுறாங்க, என்னத்த சொல்ல! வான்கூவர்ல எறங்கி வேற கப்பல் ஏறுனா பிரச்சனையில்ல.

வைஃபை, கூல்ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் ரெண்டு ட்ரிப்புக்கும் சேத்து ஓடுமா?

பொதுவா ஓடாது, காலையில கட் ஆயிடும், புதுசா வாங்கணும். பில்லும் மொத ட்ரிப்போட செட்டில் ஆகி புதுசு தொடங்கும். கப்பல்ல செலவு பண்ணன்னு உங்களுக்குக் குடுத்த கிரெடிட் மிச்சமிருந்தா கடைசி ராத்திரிக்குள்ள ஏதாவது வாங்கித் தீத்துடுங்க, பெரும்பாலும் அடுத்த ட்ரிப்புக்கு வராது. சைவம், ஜெயின் சாப்பாடுன்னு சொல்லி வெச்சிருந்தீங்கன்னா ரெண்டாவது புக்கிங்லயும் சொல்லணும், டைனிங் ஹால் ஹெட் வெயிட்டர்கிட்ட நேர்லயும் ஒரு தடவ.

லைஃப் ஜாக்கெட் ட்ரில் மறுபடியுமா?

பெரும்பாலும் ஆமா. 2012ல இத்தாலி பக்கத்துல கோஸ்டா கான்கார்டியாங்கற க்ரூஸ் கப்பல் கவுந்தப்புறம், ட்ரில்ல கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்புன உடனேயோ முடிக்கணும்னு சட்டத்த இறுக்கிட்டாங்க. முனகாம போய் நில்லுங்க.

அந்த நாள் ஊர் சுத்தப் போலாமா, இல்ல கப்பல்லயே இருக்கலாமா? சிங்கப்பூர்ல ஏறுறோம். (வில்லியனூர்)

போலாம். மெரினா பே க்ரூஸ் சென்டர்லேருந்து மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் நடக்குற தூரம்தான், அங்கேருந்து ஒரே ஸ்டேஷன் மெரினா பே. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா திரும்ப உள்ள விடுற மாதிரி இருக்கான்னு பாத்துக்கோங்க, ஊருக்குள்ள நுழையுறதுக்கு ஆன்லைன்ல நிரப்புற அரைவல் கார்டும் மறுபடி போடணும், அது ஃப்ரீதான், காசு கேக்குற வெப்சைட்டுல போய் மாட்டிக்காதீங்க.

என்னக் கேட்டா சீக்கிரம் திரும்பி வந்துடுங்க. புது ஜனம் ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அவ்ளோ பெரிய கப்பல் மொத்தமும் உங்களோடதுதான், நீச்சல் குளத்துத் தண்ணி அசையாம கெடக்கும், மேல் டெக்குல நின்னு பாத்தா கீழ ஃபோர்க்லிஃப்ட் அரிசி மூட்டையையும் முட்டையையும் தட்டுத் தட்டா உள்ள ஏத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல உள்ள ஒரு ஸ்டூவர்ட் பதினஞ்சு, இருபது ரூமுக்கு பெட்ஷீட் உருவிக்கிட்டிருப்பான், காலை டிஃபன்கூட சாப்பிட்டிருக்க மாட்டான். டவல் வேணும்னா 2 மணிக்கு மேல கூப்பிடுங்க, ஓடி வருவான்.