புது கிட்டா, புதுப் பெட்டியா?

கேள்வி: கடையில் "புது வரவு" என்று ஏஎம்டி (AMT) கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்றைக் காட்டினார்கள். நண்பரோ, அது அறுபதுகளின் அச்சு, புதுசே இல்லை என்கிறார். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: நண்பர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏஎம்டி, எம்பிசி இரண்டு பெயர்களும் இப்போது ரவுண்ட் 2 என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கின்றன. பழைய அச்சை எடுத்து, புது டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) போட்டு, பழைய ஓவியத்தோடு புதுப் பெட்டியில் கொண்டுவருவதுதான் அவர்கள் வேலையில் பெரும்பகுதி. அதில் ஒரு தப்பும் இல்லை, அந்த கிட்டுகள் மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பல பழைய கிட்டுகளில் சைலன்சர் குழாய் சேசிஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். முன் சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி நேராக இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். இன்றைக்கு யாரும் அப்படி வடிவமைக்க மாட்டார்கள். பதிலுக்கு, ஒரே பெட்டியில் ஷோரூம் கார், கஸ்டம் கார், பந்தயக் கார் என்று மூன்று விதமாகக் கட்டும் பாகங்கள் கிடைக்கும். எது பிடிக்கிறதோ அதைக் கட்டி, மிச்சத்தை அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் நிஜ கார் முகம் மாறியதும் அதே இரும்பு அச்சை வெட்டித் திருத்தி அடுத்த வருட மாடலாக்கிவிடுவார்கள், அதனால் முந்தைய வருட பாடி அப்படியே போய்விடும். அப்படித் தொலைந்துபோன சில பாடிகளை ரவுண்ட் 2 மறுபடி புதிதாக அச்சு வெட்டித் தருகிறது. "புதுசு" என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவை அவைதான், நான் முதலில் கை வைப்பதும் அவற்றில்தான். வாங்கும் முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அந்த அச்சு எந்த வருடத்தில் இருந்து எந்தெந்தப் பெட்டியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும்.

கேள்வி: ஜப்பானின் தமியா நிறுவனம் தரும் டொயோட்டா ஜிஆர் சுப்ரா 1/24 கிட்டில் (நிஜ காரின் 24-இல் ஒரு பங்கு அளவு) இன்ஜினே இல்லையாமே. இவ்வளவு விலை கொடுத்து பானெட்டைத் திறக்க முடியாத காரை ஏன் வாங்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் இதில் நான் தமியா பக்கம். இன்ஜினுக்குச் செலவழிக்காததை பாடியில் செலவழித்திருக்கிறார்கள். அந்தப் பின் ஃபெண்டரின் வளைவு, கூரையின் இரட்டைக் குமிழ் எல்லாம் நிஜ காரின் படத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தாங்கும். பானெட் தனிப் பாகமாக வரும் பல கிட்டுகளில் அதைச் சுற்றி இடைவெளியைச் சமமாக்கவே ஒரு வாரம் தேய்க்க வேண்டியிருக்கும், அந்தத் தொல்லை இதில் கிடையாது. டொயோட்டா சின்னம், பக்கக் கண்ணாடிகளின் பளபளப்பு ஆகியவற்றுக்கு மெட்டல் டிரான்ஸ்ஃபர் (மெல்லிய உலோக ஸ்டிக்கர்) கொடுக்கிறார்கள், தேய்த்து ஒட்டினால் நிஜக் குரோம் போலவே மின்னும். இன்ஜின் இல்லாமல் மனசு கேட்காது என்றால் அதே தமியாவின் லாஃபெராரி கார் கிட்டை வாங்குங்கள், பின் மூடியைத் திறந்தால் வி12 இன்ஜின் தெரியும்.

அப்புறம், சுப்ராவை அமெரிக்க கிட்டுகளோடு ஒரே அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அளவைக் கவனியுங்கள், அவை பெரும்பாலும் 1/25. நிஜ கார் சுமார் 4.38 மீட்டர். 1/24-இல் அது 18 சென்டிமீட்டரைத் தாண்டும், 1/25-இல் பதினேழரைதான் வரும். பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு முதல் கிட். பசை, பெயிண்ட் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா? (மதுரை வாசகி)

பதில்: ஜப்பானின் அயோஷிமா நிறுவனத்தின் 1/32 "ஸ்னாப் கிட்" வரிசை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாகங்கள் கார் நிறத்திலேயே வார்த்து வரும், அழுத்தினால் பொருந்தும், விளக்குகளுக்கும் சின்னங்களுக்கும் ஸ்டிக்கர். சுசுகி ஜிம்னியில் ஆரம்பிக்கச் சொல்வேன். நம் ஊரில் தயாரான ஐந்து கதவு ஜிம்னி அல்ல இது, ஜப்பானின் குட்டி மூன்று கதவு வண்டி; கட்டி முடித்தால் உள்ளங்கையில் அடங்கும். பாகங்களை ஃபிரேமில் இருந்து முறுக்கிப் பிய்க்க விடாதீர்கள், நல்ல நிப்பர் (வெட்டும் குறடு) ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சின்ன வண்டி என்று பெரியவர்கள் இந்த வரிசையை ஒதுக்குவது எனக்கு வருத்தம். சமீப வருடங்களில் கார் கிட் உலகத்துக்குப் புது ஆட்களைக் கூட்டி வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் மாடல் காருக்கு லாக்கர் பெயிண்ட் அடித்தேன், கருப்பு பாடி பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. பெயிண்ட் மட்டமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பெயிண்ட் மேல் குற்றமில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது, அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். தின்னரில் கொஞ்சம் ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்தால் மெதுவாகக் காயும், வெளுக்காது. இப்போது வெளுத்திருப்பதையும் உரிக்க வேண்டாம், வறண்ட நாளாகப் பார்த்து ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் லேசாக ஒரு கோட் அடியுங்கள், பெரும்பாலும் கருப்பு திரும்பிவிடும். அதற்கும் அசையாவிட்டால் நன்றாகக் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட் கருப்பு.