மீன் சாப்பிடுவதை விடாமல் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்க முடியுமா? சென்னையில் எந்த மீன் வாங்குவது நல்லது?

முடியும். நீங்கள் வாரம் ஒரு நாளாவது மீன் குழம்பு வைக்கிற வீடு, விடவும் மனமில்லை, உறுத்தலும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"மீனே வேண்டாம், பருப்பு சாப்பிடு" என்று சொல்ல வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்புக்குப் பாதிப்பு குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சைவம் என்றாலே சுத்தம் என்பதும் சரியில்லை. மாடு வெளிவிடும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைச் சேர்த்துப் பார்த்தால், அதே அளவு புரதத்துக்கு பனீரைவிட மத்தி எவ்வளவோ மேல்.

கடல் மீனால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் பெரும்பங்கு படகில் எரிகிற டீசலால்தான். மத்தி, கவலை, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்றவை கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிவதால் கொஞ்ச நேரத்தில் நிறையப் பிடித்துவிடலாம். உலக அளவில் இந்த மாதிரிச் சிறுமீன் ஒரு டன் பிடிக்கச் சராசரியாக 100 லிட்டருக்கும் குறைவாகவே எரிபொருள் செலவாகிறது. இறாலுக்கு அது ஆயிரக்கணக்கான லிட்டர். விசைப்படகு இழுவை மடி என்ற பை போன்ற வலையைக் கடலடியில் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதில் இறாலோடு குஞ்சு மீன், நண்டு, சங்கு எல்லாம் வாரிக்கொண்டு வரும். விலை போகாததைக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிறுமீன் வாங்கினால் மட்டும் போதாது, அளவையும் பாருங்கள். கேரளத்தில் மத்திக்குக் குறைந்தபட்சம் 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. என்று சட்டமே இருக்கிறது. மத்தி உங்கள் உள்ளங்கையின் அகலத்தைக்கூடத் தாண்டவில்லை என்றால் அது குஞ்சு, வாங்காதீர்கள். வஞ்சிரத்துக்கு அங்கே 50 செ.மீ. வரம்பு, அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேல். துண்டு போட்டு விற்கும் கடையில் நீளம் தெரியாது. துண்டின் அகலத்தைப் பாருங்கள், உள்ளங்கை அகலம்கூட இல்லாவிட்டால் சினை பிடிக்கும் முன்பே பிடிபட்ட மீன். சுறாப் புட்டு வேண்டுமென்றால் சூரையில் செய்யுங்கள், உதிர்ந்து நன்றாகவே வரும். சுறா மத்தியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடாது, ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான்.

அடுத்து, எந்த மாதத்தில் வாங்குகிறீர்கள் என்பது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன ஃபைபர் படகுக்குத் தடையில்லை. மே மாதத்தில் கடையில் பெரிய வஞ்சிரம் வரிசையாக அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்தது, இல்லை குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்தது. அந்த இரண்டு மாதமும் காலையில் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் போய் ஃபைபர் படகு மீனைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள். மீனவர் வயிற்றில் அடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், சிறுதொழில் மீனவருக்குக் காசு போகிற வழியைத்தான் சொல்கிறேன்.

வளர்ப்பு மீனில் ஆந்திராவிலிருந்து வரும் கட்லா, ரோகு பரவாயில்லை. தவிடு, கடலைப் புண்ணாக்கில் வளர்பவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் தொடாதீர்கள். 2000-லேயே தடை செய்யப்பட்ட மீன், பல இடங்களில் கோழிக் கழிவைப் போட்டுத் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள்.

இவ்வளவு பார்த்து வாங்கிய மீன் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால் எல்லாம் வீண். சிறுமீனில் நடப்பது பெரும்பாலும் அதுதான். குடலில் உள்ள நொதிகள் வயிற்றுச் சதையையே கரைத்துவிடும், சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் நெத்திலியின் வயிறு வெடித்துவிடும். ஒரு மூடி போட்ட டப்பா கொண்டுபோய், மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் (2019-லிருந்து தடை, இன்னும் கொடுக்கிறார்கள்) மீன் தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டு வரும். வந்ததும் நெத்திலியைச் செவுளுக்குக் கீழே பிடித்துத் தலையைத் திருகி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். கத்தி வேண்டாம். கானாங்கெளுத்தியில் இன்னும் கவனம் தேவை. வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, அரிப்பை உண்டாக்கும் பொருள் சேரும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து அரித்தால் "எனக்கு மீன் ஒத்துக்காது" என்கிறார்களே, அதில் சில இந்தக் கோளாறாகவும் இருக்கலாம். நாலு பேருக்கு அரை கிலோ போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கிலோ வாங்காதீர்கள், எண்ணெய் மீன் ஃப்ரீசரில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்த ஊரில் "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டி வாடகைக்கு விடுகிறார்கள். கடலோரத்தில் இருக்கும் நகரத்தில், காலங்காலமாகக் கருவாடு தின்ற மக்களிடம், வீடு கேட்டு வந்தால் முதல் கேள்வி என்ன சமைப்பாய் என்பது. இப்போது அதற்கே சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்துப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். சாதியை மறைக்கச் சுற்றுச்சூழலைத் திரையாக இழுத்துப் போடாதீர்கள்.

மீன் கழிவைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டால் பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் போய் மீத்தேனாகும். தோட்டம் இருந்தால் ஓரடி ஆழத்தில் புதையுங்கள், அதற்கு மேலே இருந்தால் பூனை தோண்டிவிடும். மொட்டை மாடித் தொட்டியென்றால் கழிவைப் போல இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூளோ காய்ந்த சருகோ கலந்து, மேலே அரை அடி மண் போடுங்கள். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு சேருங்கள். மீன் கழுவிய முதல் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். உப்புப் போட்டு அலசிய தண்ணீரை ஊற்றினால் செடி கருகிவிடும்.