வேட்டை பூட்ஸ் போட்டும் கால் நனைகிறதே, டாக்டர்?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் வனத்துறையில் தற்காலிக வாட்சராக இருக்கிறேன். வயது 41. மழைக்காலம் முழுக்கக் காட்டுக்குள் ரோந்து. கம்பூட்டில் கால் புழுங்குகிறது என்று, ஆன்லைனில் ‘தண்ணீர் புகாது’ என்று போட்டிருந்த வேட்டை பூட்ஸை 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் வாரமே சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. இப்போது உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி எரிகிறது. சுண்டுவிரல் இடுக்கு வெடித்து அரிக்கிறது. குதிகாலில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் பள்ளங்கள், நாற்றம் வேறு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, அப்புறம் முன்னைவிட அதிகமாக வருகிறது. இன்னும் விலை கூடிய பூட்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆனி, ஆடி மழையில் நாள் முழுக்கக் காட்டில் நடப்பவரின் காலை உலர்வாக வைத்திருக்கும் பூட்ஸ் எந்த விலைக்கும் கிடைக்காது. பகலில் கால் நனையத்தான் செய்யும். ராத்திரி எவ்வளவு நேரம் காய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். (வேட்டையைத் தடுக்கப் போகிற உங்கள் காலில் வேட்டை பூட்ஸ்!) இந்த வகை பூட்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டுக் குளிரில் நடப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்படுவது. தோலுக்கும் உள் துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். வெளித் தண்ணீரை அது தடுக்கும், உள்ளே இருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும். வெளிக்காற்று உலர்ந்திருந்தால்தான் அந்த ஆவி வெளியேறும். உங்கள் ஊரில் ஜூலை மாதம் காற்றே ஊறிக் கிடக்கிறது, ஆவி எங்கே போகும்? குளிருக்காக உள்ளே கனமான பஞ்சு வைத்திருந்தால் வியர்வை இன்னும் கூடும். போதாக்குறைக்கு, பேன்ட் நனைந்து முழங்காலிலிருந்து வழிகிற தண்ணீர் சாக்ஸ் வழியாக நேராக உள்ளே இறங்கிவிடும்.

உங்கள் பூட்ஸ் உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து, கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீர் உள்ள வாளியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். தாள் நனைந்தால் சரக்கு மோசம், பில் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். நனையவில்லை என்றால் வியர்வையும் மேலிருந்து இறங்கிய மழையும்தான் காரணம்.

இனி காலுக்கு வருவோம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்று கோளாறுகள் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. உள்ளங்கால் வெளுத்து எரிவது ஈரத்தில் ஊறியதால். வியட்நாம் போரில் நெல்வயலிலும் சதுப்பிலும் நாள்கணக்கில் நடந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. மருந்தைவிடக் காய வைத்ததில்தான் குணமானது. விரல் இடுக்கில் இருப்பது சேற்றுப்புண், பூஞ்சையால் வருவது. குதிகால் பள்ளங்களும் நாற்றமும் பாக்டீரியா வேலை. அதற்குப் பூஞ்சை மருந்து போட்டால் போகாது, தடவும் ஆன்டிபயாடிக் தனியாக வேண்டும்.

அந்த ஆயின்மென்ட் டியூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலவை. அரிப்பை அமுக்கிவிட்டு, அடியில் பூஞ்சையை வளரவிடும். இரண்டு நாள் அடங்கி மறுபடி வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். நிறுத்திவிடுங்கள். விரல் இடுக்குக்கு ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் கிரீமைக் காலை, இரவு இரண்டு வேளையும் 4 வாரம் போடுங்கள். அரிப்பு நின்றவுடன் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் காலையில் கிளம்பும் வரை சாக்ஸ், மூடிய செருப்பு எதுவும் வேண்டாம். வெறுங்காலைக் காற்றாட நீட்டி வைத்துத் தூங்குங்கள். ரோந்துக்குப் போகும்போது பிளாஸ்டிக் கவரில் இரண்டு ஜோடி மாற்று சாக்ஸ். பருத்தி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்ததோ நைலானோ தேவலை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, சாக்ஸை மாற்றுங்கள். பழைய கம்பூட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொன்றும் காய நேரம் கிடைக்கும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) அடுப்புக்குப் பக்கத்தில் பூட்ஸைக் காயவைப்பார்கள். பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உள் அட்டையை உருவிவிட்டு, செய்தித்தாள் திணித்து, தாள் நனைய நனைய மாற்றினாலே போதும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரில் சாக்ஸை நனைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வெடித்த ஈரத்தோல் வழியே நிக்கோட்டின் உடம்புக்குள் போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் போதும்.

எனக்குப் பெரிய கவலை எலிக்காய்ச்சல்தான். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கும் அந்தக் கிருமி, வெடித்த தோல் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உள்ளே போகும். தேங்கிய தண்ணீரில் நடப்பவர்களுக்குக் கேரளச் சுகாதாரத் துறை வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் மாத்திரை கொடுப்பதுண்டு. நீங்களாக வாங்கி விழுங்காமல், அரசு ஆஸ்பத்திரியில் உங்கள் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ இருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், காட்டில் வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். காலில் சிவப்பு பரவி வீங்கினாலும் காத்திருக்க வேண்டாம். குதிகாலைக் காட்டப் போகும்போதே வெறும் வயிற்றில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சேற்றுப்புண் விடாமல் வருகிறவர்களில் சிலருக்கு, இருப்பது தெரியாமலே சர்க்கரை நோய் இருக்கும்.