ஏதென்ஸில் கட்டிய 20 யூரோ

வணக்கம் சார்,

2025 ஜூலையில் நானும் மனைவியும் கிரீஸ் போயிருந்தோம். ஏதென்ஸில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் நாலு ராத்திரி. வாடகை முழுவதையும் ஊரிலிருந்தே கட்டியாகிவிட்டது. கிளம்பும்போது ரிசப்ஷனில் இன்னொரு 20 யூரோ கேட்டார்கள். ஏதோ காலநிலை நெருக்கடிக் கட்டணமாம். போதாததற்கு, மலைமேல் பழைய பளிங்குக் கோயில்கள் இருக்கிற அக்ரோபோலிஸ் போன அன்று வெயில் அதிகம் என்று மதியம் ஒரு மணிக்கே கேட்டைச் சாத்திவிட்டார்கள். என் 20 யூரோவால் வெயில் குறைந்துவிடுமா? இது பகல்கொள்ளை இல்லையா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

குறையாது. குறையும் என்று அவர்களும் சொல்லவில்லை. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ. சுமார் 19,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. செப்டம்பரில் டேனியல் புயல் வந்து தெசலி சமவெளியின் வயல்களையெல்லாம் ஏரியாக்கியது. அதன் பிறகுதான், 2024 முதல், பழைய தங்கும் வரிக்குப் பதிலாக இந்தக் கட்டணம் வந்தது. இடிந்த வீட்டைக் கட்ட, வந்த விருந்தாளியிடமும் வாங்கும் மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் அறைக்கு, ஒரு இரவுக்கு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை உங்கள் ஹோட்டலுக்கு 5 யூரோ, ஐந்து நட்சத்திரத்துக்கு 15. குளிர்காலத்தில் ரொம்பக் குறைவு. கூட்டத்தைக் கோடையிலிருந்து நகர்த்தப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் 5 யூரோவுக்குப் பயந்து யார் லீவை மாற்றுவார்கள்? நீங்களே ஜூலையில்தானே போனீர்கள்!

எனக்கு உறுத்துவது வேறு. ரோட்ஸ் தீயால் பயணம் பாதியில் நின்றவர்களுக்கு, அடுத்த வருடம் ஒரு வாரம் இலவசமாகத் தங்கலாம் என்று பிரதமர் மிட்சோடாகிஸ் பிரிட்டிஷ் டிவியிலேயே அறிவித்தார். புகை அடங்குவதற்குள் மறுபடியும் வெற்றிலைபாக்கு. நீங்கள் ஏறிப்போன விமானத்தின் எரிபொருளுக்கோ, சர்வதேசப் பயணம் என்பதால், பொதுவாக வரியே கிடையாது. புகை விடுகிற இடத்தை விட்டுவிட்டு, படுக்கிற கட்டிலுக்கு வரி.

அந்த மதியப் பூட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2023 ஜூலையில் அங்கே காவலர்கள் வெயில் தாங்காமல் தினமும் நாலு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். மேலே நிழல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பளிங்கு வேறு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவீர்கள். அவர்களுக்கு நாள் முழுக்க அங்கேதான் டியூட்டி.

அப்புறம், கோடையில் காலை எட்டு மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.