'அட்டர்காப்' என்ற பழைய ஆங்கிலச் சொல் எப்படிப் பிறந்தது?

அட்டர்காப் என்றால் சிலந்தி. இன்று ஆங்கிலேயர்களிலேயே பலருக்கு இந்தச் சொல் தெரியாது. தெரிந்தவர்களில் பெரும்பாலோர், 1937இல் வெளிவந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில், நாயகன் பில்போ சிலந்திகளைச் சீண்டிப் பாடும் இடத்தில் அதைப் பார்த்திருப்பார்கள்.

பழைய ஆங்கிலத்தில் இது 'ஆட்டர்கோப்பெ'. 'ஆட்டர்' என்றால் நஞ்சு. 'கோப்' என்பதற்கு உச்சி, தலை என்று பொருள். கிண்ணம் என்று கொள்வோரும் உண்டு. எனக்குத் தலை என்பதே பொருத்தமாகப் படுகிறது. டச்சு மொழியில் சிலந்திக்கு 'ஸ்பின்னகாப்' என்றொரு பெயர் இருக்கிறது. நூற்கும் தலை! ஆங்கிலத்தில் நஞ்சுத் தலை.

பிரிட்டனில் ஆளைக் கொல்லும் சிலந்தி இல்லையே, நஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அன்றைய மக்களின் அச்சம் உண்மையானது. 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பால்டின் மருத்துவ நூல்' சிலந்திக்கடிக்கு மருந்தே சொல்கிறது: பச்சைக் கோழிமுட்டையை ஏல் மதுவில் கலக்கி, புதிய ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து, நோயாளிக்குத் தெரியாமல் ஒரு கோப்பை நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டுமாம். ஆந்தையும் நைட்டிங்கேலும் வழக்காடும் நடுக்கால ஆங்கிலக் கவிதையிலோ, 'நீ தின்பது அட்டர்காப்பும் அழுக்கு ஈயும் புழுவும்தானே' என்று ஆந்தை அந்தப் பாட்டுப் பறவையை ஏசுகிறது.

பிறகு நூற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த 'ஸ்பைடர்' எங்கும் பரவிவிட்டது. அட்டர்காப் வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வட்டார வழக்குகளில் ஒதுங்கியது. அங்கே சிடுசிடுப்பவர்களைத் திட்டவும் பயன்பட்டது. டேனிஷ் மொழியிலோ அதன் உடன்பிறப்பான 'எடர்கோப்' இன்றும் சிலந்திக்கு அன்றாடப் பெயர். அங்கே 'எடர்' என்ற நஞ்சும் மரபுத்தொடர்களில் வாழ்கிறது.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பின்பாதிதான். 'ஆட்டர்' உதிர்ந்த பிறகும் 'கோப்' தனித்து நின்று சிலந்தியைக் குறித்தது. சிலந்தி பின்னிய வலை நடுக்கால ஆங்கிலத்தில் 'கோப்பெவெப்' ஆயிற்று. நாளடைவில் ஒலி மெலிந்து, ஒட்டடைக்கு இன்று எல்லோரும் சொல்லும் 'காப்வெப்' ஆனது. அதிலுள்ள 'காப்' இந்தப் பழைய சிலந்தியேதான்.