ராணுவ ஆக்‌ஷன் கதைகளில் ஆன்டி ஹீரோவுக்கென்றே, அதாவது நல்லவன் என்று சொல்லிவிட முடியாத நாயகனுக்கென்றே, இருக்கும் டெம்ப்ளேட்கள் என்னென்ன? அவற்றை வைத்துக்கொண்டே நல்ல கதை எழுத முடியுமா?

முடியும். ஆனால் அந்த டெம்ப்ளேட்கள் எதற்காக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

இந்த வகை நாவல்களையும் தொடர்களையும் விடாமல் பின்தொடர்பவன் நான். என் கணிப்பில் இந்த டெம்ப்ளேட்களில் முக்கால்வாசிக்கு ஒரே வேலைதான்: நாயகன் பிற்பாடு செய்யப்போகும் கொடுமைகளுக்கு வாசகரிடம் முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைப்பது. அது ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டால், அப்புறம் அவன் யாரைச் சுட்டாலும் நாம் கேள்வி கேட்க மாட்டோம். அட்டையில் ஆன்டி ஹீரோ என்று இருக்கும். உள்ளே இருப்பவன் தாடி வளர்த்த, தூக்கம் கெட்ட, சாதாரண ஹீரோ.

இதற்கு மிகப் பழைய வழி, செத்துப்போன மனைவி. குழந்தை இருந்தால் அதுவும் சேர்ந்து. அவளுக்கு ஒரு பெயரும் சிரிப்பும் புகைப்படமும் இருக்கும். வேலை, கோபம், கடன், நாயகனோடு ஒரு சண்டை, எதுவுமே இருக்காது. இதே வழக்கத்தைச் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் கவனித்த எழுத்தாளர் கெயில் சிமோன், கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-ல் ஒரு பட்டியலாகவே இணையத்தில் போட்டார். ராணுவக் கதைகளுக்கும் யாராவது அப்படி ஒன்று போட்டால் நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதும் கதையில் மனைவி சாகத்தான் வேண்டும் என்றால், அவள் கடைசியாகப் பேசியது நாயகனுக்குப் பிடிக்காத ஏதாவதாக இருக்கட்டும். அந்தச் சாவை அவன் அவ்வளவு எளிதாகக் கொடியாகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

அநாதைச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஓடுவது, தன் அடியாளையே சுட்டுத் தள்ளும் வில்லன், இவையும் இதே கணக்கில் சேர்த்தி. முன்னது நாயகனுக்கு ஈரம் இருக்கிறது என்று காட்ட, பின்னது அவனைவிட மோசமானவன் இருக்கிறான் என்று காட்ட. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது மேலிடத் துரோகம். ரகசியப் பணிக்கு அனுப்பிய அதிகாரி கைவிட்டுவிடுவார், குழுவில் எல்லோரும் சாவார்கள், நாயகன் மட்டும் பிழைப்பான். இன்னொருவனும் பிழைத்திருந்தால் அவன்தான் வில்லன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதைத் தேய்ந்துபோனது என்று பலர் தள்ளுவார்கள். நான் தள்ள மாட்டேன். வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1990-களில் ‘மாரல் இஞ்சுரி’ என்ற கருத்தை முன்வைத்தார். உயிர் பணயமாக இருக்கும் இடத்தில், அதிகாரத்தில் உள்ளவரே எது சரியோ அதைக் காட்டிக்கொடுக்கும்போது மனதில் ஏற்படும் காயம் அது. ஆக, இந்த டெம்ப்ளேட்டுக்குக் கீழே நிஜம் இருக்கிறது. கதைகள் கோட்டை விடுவது அதற்கு அடுத்த கட்டத்தில். நாவலில் துரோகம் நேராகப் பழிவாங்கலாக மாறுகிறது, அதுவும் கூர்மையான திட்டத்தோடு. ஷே கண்டதோ, யாரையுமே நம்ப முடியாமல் போன மனிதர்களை. மருத்துவரையும் மனைவியையும் சந்தேகப்படுகிற, உதவிக்கு வந்தவனிடம் ‘உனக்கு இதில் என்ன லாபம்?’ என்று கேட்கிற ஒருவனை நாயகனாக்கினால், வாசகருக்கு அவனோடு ஒரு மணி நேரம் இருப்பதே கஷ்டமாக இருக்கும். அவனைத்தான் ஆன்டி ஹீரோ என்று சொல்லத் தோன்றும்.

துரோகம் முடிந்த கையோடு வேலையும் போக வேண்டும். அமெரிக்கப் பின்னணியில் எழுதுபவர்கள் ‘டிஸ்ஹானரபிள் டிஸ்சார்ஜ்’ (அவமானகரமான பணிநீக்கம்) என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கர்னல் கோபப்பட்டு அதைக் கொடுத்துவிட முடியாது. ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தில் விசாரித்துத் தண்டனையாகத்தான் விதிக்க முடியும். கேப்டன், மேஜர் போன்ற அதிகாரிகளுக்கு அது கிடையவே கிடையாது, அவர்களுக்கு ‘டிஸ்மிஸல்’ என்று தனியாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. டிஸ்ஹானரபிள் டிஸ்சார்ஜ் பெற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நம் நாயகனோ சுவர் முழுக்கத் துப்பாக்கி மாட்டி வைத்திருப்பான். ஒரு சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் டிக்கியைத் திறந்தாலே கதை முடிந்தது. இந்தப் பயத்தை வைத்தே ஒரு நல்ல அத்தியாயம் எழுதலாம். எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது சித்திரவதைக் காட்சி. நேரம் ஓடிக்கொண்டிருக்கும், எங்கேயோ குண்டு இருக்கும், நாற்காலியில் ஒருவன் கட்டப்பட்டிருப்பான். நாயகன் கதவைச் சாத்துவான். இரண்டு நிமிடத்தில் சரியான முகவரி வந்துவிடும். எழுத்தாளர் இங்கே செய்யும் தந்திரத்தைக் கவனியுங்கள்: கட்டப்பட்டவனுக்கு விஷயம் தெரியும் என்பது வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் நாயகன் தப்பான ஆளை வதைக்க வாய்ப்பே இல்லை. நிஜத்தில் விசாரிப்பவருக்கு இல்லாத ஒரே வசதி அதுதான்.

இது வெறும் கதைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2006 நவம்பரில், வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் டீனாக இருந்த பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினிகன், அனுபவமுள்ள விசாரணை அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு ‘24’ என்ற தொலைக்காட்சித் தொடரின் குழுவை நேரில் போய்ப் பார்த்தார். தொடரில் சித்திரவதை எப்போதும் பலன் தருவதாகக் காட்டுவது தன்னுடைய மாணவர்களைப் பாதிக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. நாளைய ராணுவ அதிகாரிகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர், டிவி நாயகனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க செனட் உளவுக்குழு அறிக்கை, சிஐஏ கையாண்ட கடும் விசாரணை முறைகள் தகவல் பெறுவதற்குப் பலனுள்ள வழியாக இருக்கவில்லை என்றே முடிவு சொன்னது. 1984-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை போரையும் ஒரு சாக்காக ஏற்பதில்லை.

உங்கள் கதையில் இந்தக் காட்சி வந்தே தீர வேண்டுமா? சரி, வரட்டும். நாற்காலியில் இருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கட்டும். வலி தாங்காமல் நினைவுக்கு வந்த ஏதோ ஒரு முகவரியை அவன் சொல்லட்டும். குழு அந்தக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகட்டும். அதற்குப் பிறகும் வாசகர் நாயகனோடு வருவாரா என்பதுதான் எழுதுபவருக்கான சோதனை.

உடம்பு சம்பந்தப்பட்ட பொய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோளில் குண்டு பட்டால் துணியைக் கட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புக் கொத்தும் அந்த வழியாகத்தான் போகின்றன. சைலன்சர் போட்டால் ‘ஃபுட்’ என்று மட்டும் கேட்கும் என்பதும் பொய். ரைபிள் வெடிச் சத்தம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும், சைலன்சர் அதில் 20 முதல் 35 வரைதான் குறைக்கும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அதைவிட, அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் பணிக்காலப் பாதிப்புகளில் மிகப் பரவலானது காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல். இருபது வருடம் பணியில் இருந்த நாயகன், ரேடியோவில் கிசுகிசுப்பாக வரும் ரகசியத் தகவலுக்கு ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பதை எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

மனக்காயமும் இப்படி நகையாகத்தான் மாட்டப்படுகிறது. பிடிஎஸ்டி, அதாவது கொடூர அனுபவங்களுக்குப் பின் வரும் மனஅழுத்தக் கோளாறு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் இடம்பிடித்தது. நம் கதைகளில் அதற்கு அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு கெட்ட கனவு, ஒரு விஸ்கி பாட்டில், அவ்வளவுதான். குறி மட்டும் தவறவே தவறாது.

தனியார் ராணுவ நிறுவனம் என்றால் ஒன்று வில்லன்களின் கூடாரம், இல்லையென்றால் நாயகனுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் இறந்தார்கள். அந்த ஒப்பந்தக் காவலர்களை ஈராக் சட்டத்தின் கீழ் விசாரிக்க முடியாதபடி முன்பே ஓர் ஆணை இருந்தது. 2014-ல் நால்வர் குற்றவாளிகள் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் முடிவானது. 2020 டிசம்பரில் நால்வருக்கும் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. வாசகரிடம் நைசாக வாங்கும் மன்னிப்பு, இங்கே கையெழுத்தும் முத்திரையுமாக வந்துவிட்டது. செத்தவர்களின் வீட்டிலிருந்து இதே கதையைச் சொன்னால் ஆன்டி ஹீரோ எப்படித் தெரிவான் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி மறுபக்கத்துக்கு இடம் கொடுத்த பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ராம்போவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு டேவிட் மோரெல் 1972-ல் எழுதிய மூல நாவல், ‘ஃபர்ஸ்ட் பிளட்’, அதிர்ச்சியாக இருக்கும். நாவலில் ராம்போ பலரைக் கொல்கிறான், கடைசியில் அவனும் சாகிறான். 1982-ல் வந்த படத்தில் அவனைத் துரத்துபவர்களில் ஒரே ஒருவர்தான் சாகிறார், அதுவும் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து. ராம்போ சாகும் முடிவையும் படமாக்கினார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்களுக்குப் பிடிக்காமல் மாற்றிவிட்டார்கள். அதனால்தான் அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. நாவலில் அவனைத் துரத்தும் காவல்துறைத் தலைவர் டீஸல் கொரியப் போரில் சண்டையிட்டவர். கதை அவருடைய கண் வழியாகவும் ராம்போவின் கண் வழியாகவும் மாறி மாறிப் போகிறது. யார் பக்கம் நிற்பது என்று எனக்குப் பாதிப் புத்தகம் வரை தெரியவில்லை. டெம்ப்ளேட் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் சுட்டுத் தள்ளும் பெயரில்லாத காவலனுக்கு இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுத்து எழுதிப் பாருங்கள்.